அமலியின் அளவு ஜாக்கெட்

1. சனிக்கிழமை வந்த பட்டு ஜாக்கெட்

ஜாக்கெட் தப்பாகிவிட்டது என்று சொல்ல வருகிறவர்களை, வாசலில் செருப்பை விடுகிற சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அமலி அன்றைக்குச் செருப்பைக் கழற்றவே இல்லை. நேராக உள்ளே வந்து, முந்தின நாள் நாங்கள் தைத்துக் கொடுத்த பட்டு ஜாக்கெட்டைக் கட்டிங் டேபிள்மேல் போட்டாள். போட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

விருத்தாசலத்தில் நான் லேடீஸ் டெய்லர் கடை வைத்து எத்தனையோ வருஷமாகிறது. இப்போது கண் முன்னைப்போல இல்லாததால் வெட்டுவது மட்டும் நான், மெஷினில் உட்காருவது என்னிடம் வேலை செய்கிற லதா. இத்தனை வருஷத்தில் எங்கள் தையலைப் பார்த்துத் திட்டியவர்கள் உண்டு, துணியை முகத்தில் எறியாத குறையாகப் பேசியவர்களும் உண்டு. அழுதவர்கள் குறைவு.

அமலி என்கிற அமலோற்பவம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து என்னிடம்தான் தைக்கிறாள். செராமிக் பொம்மை செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் ஃபினிஷிங் வேலை. அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்தில் நிற்கிற பிசிறை வழித்து, ஈரத்துணியால் துடைத்து, சூளைக்கு அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் டூவீலர் மெக்கானிக். ஒரே பெண் ரீனா. மறுநாள் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் வேப்பூரிலிருந்து ரீனாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஹைவேயில் ஓட்டல் வைத்திருக்கிற குடும்பம். அன்றைக்கு உடுத்தத்தான் அந்தப் பட்டு ஜாக்கெட்.

போட்டுக் காட்டு என்றேன். திரைக்குப் பின்னால் போய்ப் போட்டுக்கொண்டு வந்தாள். ஷோல்டர் இரண்டு பக்கமும் வழிந்து கைமேல் கிடந்தது. கழுத்து வாயைப் பிளந்துகொண்டு நின்றது. ஒரு கைக்குள் இன்னொரு கையையும் விடலாம். அந்தத் தையலில் நூலளவு தப்பு கிடையாது. எங்களுக்கு வந்த அளவு எதுவோ அதற்கு அப்படியே தைத்திருந்தோம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அமலி சொன்னாள். "இதைப் போட்டுக் காட்டினேன்க்கா. ரீனா அப்பா பாத்துட்டு, நாளைக்கு அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் நீ உள்ரூம்லயே இருன்னுட்டாரு."

2. ஜாக்கெட் வந்தால் போதும், ஆள் வரவேண்டாம்

புதிதாகத் தையல் பழகுகிற பெண்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்கிறேன். நம் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் நின்று அளவு கொடுக்க மாட்டார்கள். நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றை மஞ்சள் பையில் போட்டு, புதுத்துணியோடு கொடுத்தனுப்பி, இதே மாதிரி தைத்துவிடுங்கள் என்பார்கள். அதற்குப் பெயர் அளவு ஜாக்கெட். அவர்களுக்கு வெட்கம் மிச்சம், நமக்கு நேரம் மிச்சம். ஜாக்கெட் பொய் சொல்லாது என்று நாங்களும் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அது உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் அதைத் தைத்த அன்றைக்கு இருந்த உண்மையைச் சொல்கிறது.

அமலியின் அளவு ஜாக்கெட், கத்திரிப்பூக் கலரில் ஒரு டூ பை டூ காட்டன். அதைத் துணியோடு சேர்த்து ரீனாதான் கொண்டுவந்து கொடுத்தாள். அமலி கடைக்கு வந்து ஒரு வருஷத்துக்குமேல் ஆகியிருந்தது. அதற்குள் அவள் பாதி ஆளாகியிருக்கிறாள் என்பது அந்த சனிக்கிழமைதான் எனக்குத் தெரியும்.

சுகர் எல்லையைத் தொட்டுக்கொண்டிருக்கிறது, உடம்பைக் குறைத்தே ஆகணும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ராத்திரிச் சோற்றை நிறுத்தினாளாம். ஷேர் ஆட்டோவை விட்டுவிட்டுக் கம்பெனிக்கு நடந்தே போய் வந்தாளாம். கூட வேலை செய்கிறவர்கள் டீயோடு போண்டா வாங்கிப் பிரிக்கும்போது எழுந்து வெளியே போய் நின்றுகொள்வாளாம். இவ்வளவையும் செய்தவளை ஒருத்தர்கூடப் பாராட்டவில்லை. நம் ஊரில் ஒருத்தர் சதை போட்டால் 'நல்லா இருக்கீங்களே' என்போம். மெலிந்தால், 'என்னா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க, டாக்டர்கிட்ட காட்டினீங்களா' என்று துக்கம் விசாரிப்பதுபோலக் கேட்போம். அதையும் கோயில் வாசலில் வைத்து ஒருத்தர் கேட்டால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அமலியே என்னிடம் 'இளைச்சுப் போயிட்டேன்க்கா' என்றுதான் சொன்னாள். எதையோ தொலைத்துவிட்டு வந்தவள் மாதிரி இருந்தது அந்தக் குரல்.

பேச்சு அப்படியே நடந்து வேப்பூர்வரை போய்விட்டது. பெண்ணின் அம்மாவுக்கு ஏதோ பெரிய வியாதி, வெளியில் சொல்லாமல் மறைக்கிறார்கள் என்று யாரோ அந்த வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தொளதொள ஜாக்கெட்டோடு இவளைப் பார்த்தால் அதை நம்பிவிடுவார்கள் என்று வீட்டுக்காரருக்குப் பயம். பாவம், அவர் கெட்டவர் இல்லை. பெண்ணின் சம்பந்தம் கைநழுவிப் போகிறதே என்ற பதற்றத்தில் சொன்னது. ஆனால் பெண் பார்க்க வருகிற வீட்டில் அம்மாவை ஒளித்துவைத்தால் வியாதி என்று இவர்களே எழுதி ஒட்டியது போல ஆகாதா? இதை நான் சொன்னதும் அமலிக்கு அழுகை இன்னும் கூடிவிட்டது. எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

3. டேப்

பக்கத் தையலில் மட்டும் கொஞ்சம் உள்ளே பிடித்துக் கொடுத்தால் போதாதா என்று அமலி கேட்டாள். இதையும் பழகுகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். பக்கத்தில் பிடிப்பது ஓர் இஞ்சுக்குத் தாங்கும், ரொம்பப் போனால் ஒன்றரை. அதற்குமேல் பிடித்தால் ஷோல்டர் அங்கேயே நிற்கும், கைக்குழி கோணிக்கொள்ளும், மார்புக்குப் பிடிக்கிற டார்ட் மடிப்பு வரவேண்டிய இடத்தில் வராது. முழுக்கப் பிரித்துப் புதிதாக வெட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அதற்கு அளவு வேண்டும்.

டேப்பை எடுத்ததும் அமலி ஓரடி பின்னால் போய்விட்டாள். பட்டைக் கழற்றிவிட்டு அவள் திரும்பப் போட்டுக்கொண்டிருந்த ஜாக்கெட்டும் பழையதுதான். பக்கத்துக்கு இரண்டாக சேஃப்டி பின் குத்தி இறுக்கியிருந்தாள். வேலையில் குனிந்து நிமிரும்போது பின் ஒன்று திறந்து விலாவில் கீறிய தழும்புகூட இருந்தது. இவ்வளவு பின் குத்துகிறவள் ஏன் பழைய அளவையே கொடுத்தனுப்பினாய் என்று கேட்டேன்.

"அதுதானேக்கா என் அளவு," என்றாள். "எங்க கம்பெனில அச்சு பெருசாத்தான் வைப்பாங்க. சூளைக்குப் போனா சுருங்கிடும்னு தெரியும். கொஞ்சம் பெருசாவே இருந்துட்டுப் போவட்டும்."

"நீ சூளைக்குப் போயிட்டு வந்தாச்சு. வெந்து வந்த பொம்மை மறுபடியும் அச்சுல உக்காருமா?" என்றேன். ரொம்பச் சாமர்த்தியமாகப் பேசிவிட்டதாக எனக்குள் ஒரு சந்தோஷம்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "பொம்மை ஊதாதுக்கா. மனுஷ உடம்பு ஊதும்."

பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். ரீனா ஸ்கூலில் படிக்கும்போதே அமலி ஒருமுறை இப்படிக் கஷ்டப்பட்டு உடம்பைக் குறைத்திருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் பழைய ஜாக்கெட்டை எல்லாம் மூட்டை கட்டி ஓர்ப்படியிடம் கொடுத்துவிட்டாள். ஒரு வருஷத்தில் உடம்பு பழையபடி வந்துவிட்டது. ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில், சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் பந்தியில் இருக்கும்போது, ஓர்ப்படி சோறு போட்டுக்கொண்டே, "உன் ஜாக்கெட்டெல்லாம் பத்திரமாத்தான் இருக்குது, திருப்பித் தரட்டா?" என்று கேட்டிருக்கிறாள். பந்தியே சிரித்திருக்கிறது. அமலியும் கூடச் சேர்ந்து சிரித்தாளாம். அன்றைக்கு முடிவு பண்ணினாளாம், இனி எது நடந்தாலும் பழைய துணியை விடக்கூடாது என்று.

வாய் நீளம் என்று சொன்னேனே, அன்றைக்கு அது உதவவில்லை. அளவை மட்டும் எடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும், கொஞ்சம் தளர வைங்கக்கா, கொஞ்சம் தளர வைங்கக்கா என்று சொல்லிக்கொண்டே நின்றாள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மற்ற வேலைகளை அப்படியே ஓரம் கட்டினோம். லதா பிரித்தாள், நான் வெட்டினேன். பட்டைப் பிரித்தால் ஊசித்தடம் காட்டிக்கொடுக்கும். புது வெட்டு பழைய தையலுக்கு நன்றாக உள்ளே விழுந்ததால் தடமெல்லாம் வெட்டுத்துண்டோடு போய்விட்டது. சாயங்காலம் அமலி போட்டுப் பார்த்தாள். கண்ணாடியில் முன்பக்கம் பார்த்தாள், திரும்பிப் பார்த்தாள், டைட்டாக இருக்கிறதோ என்றாள். டைட் இல்லை, பொருந்தியிருக்கிறது என்றேன். துணி உடம்பில் படும் என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. நாளைக்கு நீதான் வாசலில் நின்று 'வாங்க' என்று சொல்லவேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினேன்.

4. வேப்பூர்க்காரர்கள்

நடந்ததை அந்த வாரத்திலேயே ஸ்வீட் பாக்ஸோடு வந்து சொன்னாள். அவளால் தொடமுடியாத ஸ்வீட்டை நானும் லதாவும் சாப்பிட்டுக்கொண்டே கேட்டோம்.

வாசலில் அவளேதான் நின்றாளாம். மாப்பிள்ளையின் அம்மா கனத்த உடம்புக்காரர். கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு, முட்டியை ஊன்றி, மெதுவாக இறங்கியிருக்கிறார். இறங்கினதும் அமலியை மேலும் கீழும் ஒரு பார்வை. காபி கொடுக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் நேராகவே கேட்டுவிட்டார். "தப்பா நெனைக்காதீங்க. ரொம்ப இளைச்சுப் போயிட்டீங்கன்னு சொன்னாங்க. உடம்புக்கு என்னாங்க?"

வீட்டுக்காரர் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்திருக்கிறார். அதற்குள் அமலி சொல்லிவிட்டாள்.

"இளைச்சுப் போகலீங்க. நான்தான் குறைச்சேன்."

எங்கிருந்து அந்த வார்த்தை வந்தது என்று அவளுக்கே தெரியவில்லையாம். ஒரு வருஷமாக ஊரே 'போச்சு போச்சு' என்று சொல்லிக் கேட்டுக் கேட்டு, தான் செய்ததைத் தானே ஒரு இழப்பாக நினைத்துக்கொண்டிருந்தவள். அன்றைக்குத்தான் முதல்முறையாக அதைத் தன் வேலையாகச் சொன்னாள். டாக்டர் சொன்னது, சோறு, நடை எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு, டெஸ்ட் ரிப்போர்ட் வேண்டுமானால் எடுத்துவரட்டுமா என்று கேட்டிருக்கிறாள்.

அந்த அம்மா முன்னால் இருந்த கேசரித் தட்டைத் தள்ளி வைத்தார். நாற்காலியை அமலி பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ராத்திரிக்கு என்னா சாப்பிடுறீங்க?" என்று ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. ஓட்டல் வைத்துக்கொண்டு வாயைக் கட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லி அழாத குறை. இவர்கள் பேச்சு முடிவதாகத் தெரியாததால் மாப்பிள்ளைப் பையன் இருமிப் பார்த்தானாம். ரீனாவைப் பிடித்திருக்கிறது என்பதைக் காரில் ஏறும்போதுதான் ஞாபகம் வந்து சொன்னார்களாம்.

5. பை

நிச்சயம் முடிந்த பிறகு ஒருநாள் அமலி ஒரு பெரிய கட்டைப்பையோடு வந்தாள். உள்ளே அவளுடைய பழைய ஜாக்கெட் மொத்தமும். மேலாக அந்தக் கத்திரிப்பூக் கலர். எல்லாவற்றையும் சின்னதாக்க முடியுமா என்று கேட்டாள். புடவைக்கு அளவு கிடையாது, அது பாட்டுக்கு யாரையும் சுற்றிக்கொள்ளும். ஆள் மாறினால் மாட்டிக்கொள்வது ஜாக்கெட்தான்.

ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நல்ல துணியாக நாலைந்து தேறின. அவற்றை வெட்டித் தைக்கலாம் என்று தனியாக வைத்தேன். மற்றவை அக்குளில் நைந்தவை, சாயம் போனவை, பின் குத்திக் குத்திச் சல்லடையானவை. இவற்றை விட்டுவிடு என்றேன். அமலி அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. பந்தியில் கேட்ட சிரிப்பு இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

"மறுபடியும் உடம்பு வந்துட்டா என்னாக்கா பண்றது?"

அன்றைக்கு வராத பதில் இப்போது வந்தது. "வந்தா வரட்டும். இங்க வந்து நில்லு, டேப்பு இருக்குது. அந்த உடம்புக்கு அளவெடுத்துத் தைச்சுத் தரேன். எனக்கு ரெண்டும் நீதான்."

அவள் கண் கலங்கினாள், எனக்கும்தான் கலங்கியது. சட்டென்று அமலி பையை வாங்கிக்கொண்டு, காட்டன் எல்லாம் நல்லா மெத்துன்னு இருக்குது, பச்சைப் பொம்மை துடைக்க இந்த மாதிரி துணிதான் தேடுவோம், கம்பெனிக்கே கொண்டுபோறேன் என்றாள். கொக்கியை எல்லாம் லதா வெட்டிக் கொடுத்தாள். பட்டுத்துணியில் கொக்கி கீறுவதைவிட மோசம், பச்சைப் பொம்மையில் கீறினால் சூளையில் அது விரிசலாகிவிடும் என்றாள் அமலி. கத்திரிப்பூக் கலரிலும் கொக்கியை வெட்டச் சொல்லி அவளே எடுத்து நீட்டினாள்.

6. இப்போது எங்கள் கடையில்

மஞ்சள் பையில் அளவு ஜாக்கெட் வந்தால் வாங்கி வைத்துக்கொள்கிறேன். கழுத்து, கை மாடலுக்கு அது உதவும். சுற்றளவுக்கு ஆள் வந்து நிற்கவேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். சிலர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகிறார்கள், போகட்டும். தையல் பழகுகிறவர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். எதிரே நிற்கிற உடம்புக்குத் தையுங்கள். அது முன்பு எப்படி இருந்தது, இனி எப்படி இருக்கவேண்டும் என்பதெல்லாம் நம் வேலை இல்லை. அளவெடுக்கும்போது முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளுங்கள். வெட்டுவதைவிட அதைப் பழகத்தான் எனக்கு நாளாயிற்று.

ரீனா கல்யாணம் முடிந்து வந்த கிறிஸ்மஸுக்கு அமலி புதுத்துணியோடு வந்தாள். சம்பந்தி வீட்டு விருந்தெல்லாம் முகத்திலேயே தெரிந்தது. "கொஞ்சம் ஏறியிருக்கேன்க்கா, எடுங்க," என்று சொல்லிவிட்டுத் தானாகவே கண்ணாடி முன்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். டேப்பைப் போட்டேன். ஓர் இஞ்ச் கூடியிருந்தது. அதை லதாவிடம் சத்தமாகவே சொன்னேன். அமலி அதைக் கேட்டபடியே, பின்கழுத்துக்குக் கயிறு வைத்தால் இந்த வயசுக்கு நன்றாக இருக்குமா என்று கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.