அப்பாவின் படத்திறப்பு

அப்பா இறந்த பதினாறாம் நாள் படத்திறப்பு நடத்தியே ஆக வேண்டும் என்று கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிற ஆட்களா? எம்.கே.பி. நகரில் எங்கள் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். பெரிய கட்சி ஒன்றும் இல்லை. வியாசர்பாடியைத் தாண்டினால் அந்தக் கொடியை யாருக்கும் தெரியாது. ஆனால் செத்துப்போன உறுப்பினரின் படத்தைத் திறந்துவைத்து, நாலு பேர் புகழ்ந்து பேசி, பூத்தூவுவதில் மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டார்கள்.

அப்பா பர்மாவில் பிறந்தவர். 'உன் ஊருக்குப் போ' என்று அங்கே துரத்தியபோது அவருக்குப் பத்து வயது. கட்டிய துணியோடு கப்பலில் வந்து இறங்கிய கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் பாதியில் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். வாலிபத்தில் கட்சியில் சேர்ந்ததை மட்டும் ஒரே வரியில் முடித்துவிடுவார்.

என் மகள் பீகார்ப் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றபோது வீடே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. அப்பாதான், "இன்னாடா இப்ப? பொழைக்க வந்த புள்ள. நாம இன்னா ஜமீன் வூட்டுலயா பொறந்தோம்?" என்று பேச்சை முடித்தார். மாப்பிள்ளைக்கு எண்ணூர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. அவர் கற்றுக்கொண்ட தமிழும் எங்கள் தெருத் தமிழ்தான். ஞாயிறு தவறாமல் மகளோடும் குழந்தையோடும் வந்துவிடுவார். அவரும் அப்பாவும் கேரம் ஆடிக் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அந்த ஒரு நாளை நினைத்துத்தான் மற்ற ஆறு நாளும் நான் கடையில் உட்கார்ந்திருப்பது.

படத்திறப்புக்கு ஒட்டிய போஸ்டரில் தமிழுக்குக் கீழே இந்தியிலும் அச்சடித்திருந்தார்கள். இப்போது எங்கள் பக்கம் வடக்கத்தி ஓட்டும் சேர்ந்துவிட்டதல்லவா! வட்டச் செயலாளர் படத்தைத் திறந்தார். பிறகு அப்பாவோடு கட்சியில் இருந்த ஒரு பெரியவர் மைக்கைப் பிடித்தார்.

"அண்ணன் இல்லாங்காட்டி அந்த இந்திக்காரன் இன்னிக்கும் நம்ம தெருவுல மிட்டாய்க்கடை வச்சுகினு இருந்திருப்பான். பொண்டாட்டி புள்ளயோட தொரத்துனோமே! மொத கல்லு யாருது? அண்ணனுது!"

முன்வரிசையில் கை தட்டினார்கள். செயலாளர் முகம் வெளிறிப்போய், "அது அந்தக் காலம்பா" என்று மைக்கைப் பிடுங்கி, அவசரமாக ஒரு கோஷம் போட்டார். நான் மாப்பிள்ளையைத் திரும்பிப் பார்த்தேன். குழந்தை மடியில் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் என்னைப் பார்த்தாள்.

துரத்தப்பட்டவர் எப்படி இன்னொருவனைத் துரத்துவார்? மனம் திருந்தித்தான் இந்தப் பையனை ஏற்றுக்கொண்டாரா, இல்லை பழசையெல்லாம் சுத்தமாக மறந்துவிட்டாரா? கேட்டுத் தெளியலாம் என்றால் ஆளே இல்லை. படத்தில் மாலைக்கு நடுவே சிரித்துக்கொண்டிருக்கிறார். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்பா மேலா, கட்சி மேலா, மேடையில் பேசியவர் மேலா என்றுதான் விளங்கவில்லை. அந்த மனிதர் கண்கலங்கி, பாசத்தோடுதான் சொன்னார். அதை நினைத்தால் இன்னும் குழப்பமாக இருக்கிறது.

பூத்தட்டு வந்தது. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையும் வரிசையில் நின்றார். படத்துக்கு முன்னால் கொஞ்சம் அதிகமாகவே நின்றுவிட்டார். பின்னால் இருந்தவர்கள் "நவுரு தலீவா" என்றதும் பூவைப் போட்டுவிட்டு வந்தார். அப்பாடா என்றிருந்தது எனக்கு. முட்டாள்தனம்தான்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை பைக்கை எடுத்தார். மகள் குழந்தையோடு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நான் ஓடிப்போய் ஹாண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"ஞாயித்துக்கிழமை வருவீங்க இல்ல மாப்ளே?"

அவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டார்.

"பாப்பாவ அனுப்புறேன் மாமா. அதுக்கு இன்னும் தமிழ் புரியாது."