காளியம்மாவின் ஈறும் தைப்பூச விரதமும்

நாற்பத்தெட்டு நாள் தைப்பூச விரதத்தின் முதல் நாள் காலையில்தான் அந்த ரத்தம் வந்தது. பல் கிளினிக்கில் சொல்லிக் கொடுத்தபடி பல்லிடுக்கில் நூல் விட்டு இழுத்தாள் காளியம்மா. துப்பிய எச்சில் சிவந்திருந்தது. பதறிப்போய் நூலை வீசி எறிந்தாள். ரத்தம் கசியும் வாயால் முருகன் பேரைச் சொல்வதா? பதினெட்டு வருடமாகத் தவறாமல் பால்குடம் எடுப்பவள் அவள்.

அதற்குப் பிறகு நூலைத் தொடவில்லை. மூன்றே வாரத்தில் ஈறு வீங்கி, முன்பல் இரண்டு ஆடத் தொடங்கின. மலேசியாவின் ஈப்போ நகரில் இருந்த அந்தக் கிளினிக்கில் பல் டாக்டர் கவிநயா பார்த்தாள்.

"நூலு உங்களைக் கிழிக்கலைம்மா. ஈறு புண்ணா இருக்கு, அதான் ரத்தம். நிறுத்தினா இன்னும் வரும். இப்படியே விட்டா பல்லு ரெண்டும் போயிடும்."

"பல்லிடுக்குல தண்ணி பீச்சுற கரண்டு மிஷின் இருக்காமே, மக சொன்னா. நூலு நல்லதா, அதுவா?"

"நெருக்கமான இடுக்குல நூலு நல்லா வழிக்கும். ஈறு வீக்கத்துக்குத் தண்ணி மிஷினும் நல்லாக் கேக்கும். உங்க விரலுக்கு நூலு சிரமம்லா. தினமும் எதைச் செய்வீங்களோ, அதைச் செய்ங்க."

ஆயர் தாவார் தோட்டத்தில் இருபது வருடம் செம்பனைப் பழம் பொறுக்கி மடங்கிப்போன விரல்கள் அவை.

மகள் மிஷினை வாங்கி அனுப்பினாள். கணவர் இராமசாமி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரோட்டுல ஓடுற காடியைக் கழுவுற மிஷின் மாதிரில இருக்கு. ஏன் தொடாம வச்சிருக்க?"

"பூசம் முடியட்டும்ங்க. ரத்தத்தோட குடம் தூக்குனா சாமி ஏத்துக்குமா?"

"அதுவரைக்கும் பல்லு நிக்குமா?"

"போனாப் போவுது."

இராமசாமி மிஷினைக் கீழே வைத்தார். ஆண்டுதோறும் கன்னத்தில் வேல் குத்திக்கொள்பவர். ஒரு சொட்டு ரத்தம் வராது என்று ஊரே கைகூப்பும் மனிதர்.

"மூணு வருஷமா எனக்கும் ரத்தம் வருது, காளி," என்றார். "கன்னத்து வேலை உருவுனதும் திருநீறு வச்சு அமுக்கிடுவேன். உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதுக்காக முருகன் நம்மளை விட்டுட்டாரா?"

காளியம்மாவுக்குக் கண் நிறைந்தது. மூன்று வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதைத் தனியாகவே சுமந்திருக்கிறாரே.

அன்றே மிஷினை எடுத்தாள். தொட்டியில் தண்ணீர் சிவப்பாய் விழுந்தது. ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. நாளாக ஆக அந்தச் சிவப்பு வெளுத்தது. பல்லின் ஆட்டம் முழுதாக நிற்கவில்லை. பிடுங்கத் தேவையில்லை என்று மட்டும் கவிநயா சொன்னாள்.

பூசத்தன்று பால்குடத்தை இறக்கி வைத்துவிட்டு, கணவர் பக்கத்தில் போய் நின்றாள். வேலை உருவியதும் அவர் கன்னத்தில் ஒரு சொட்டு எழுந்தது. திருநீற்றைத் தேடிப் போன அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, தன் முந்தானையால் அதைத் துடைத்துவிட்டாள்.