அச்சத்தை வாய்விட்டுச் சொன்ன என் தங்கையார்

உயிர்தோறும் மூச்சாய் உறைபவனே, நோயுற்றார் நினைத்த மாத்திரத்தில் அருகில் வந்து அமர்பவனே, திருமகள் நீங்கா மார்பனே, உன் இணையடிக்கு எங்கள் முதல் வணக்கம். இந்தச் சிறு எழுத்தில் பொய்யும் மிகையும் புகாமல் காத்தருள்வாயாக.

ஐப்பசித் திங்கள் வளர்பிறைப் பஞ்சமியாகிய இந்நன்னாளில், என் தங்கையார் பரமபதம் எய்தி ஓராண்டு நிறைகிறது. அவரை அறிந்தோர் கையில் இந்நினைவு மலரைத் தரும் கடமை, மூத்தவனாகிய என்னிடம் வந்து சேர்ந்தது. முறைப்படி அவரல்லவா எனக்கு எழுதியிருக்க வேண்டும்.

தங்கையார் பிறந்தது திருநின்றவூரில். எங்கள் தந்தையார் ரயில் நிலையத்தருகே மிதிவண்டி நிறுத்தம் நடத்தினார். மாலை ரயில் வந்து கூட்டம் இறங்கும்போது, முகத்தைப் பார்த்தே அவரவர் வண்டியை இழுத்து வந்து நிறுத்துவார் தங்கையார். அப்போது அவருக்கு வயது ஒன்பது. எனக்கும் அவருக்கும் பதினான்கு வயது இடைவெளி. தாயார் முன்னமே மறைந்துவிட்டதால், அவருக்கு எழுத்தும் பாசுரமும் கற்பித்தது நான்தான். அந்த உரிமையைப் பிற்காலத்தில் அளவுக்கு மீறிப் பயன்படுத்தினேன் என்பதையும் இங்கே எழுதியாக வேண்டும்.

மணமாகிக் காக்களூர் சென்றார். மாப்பிள்ளைக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்பு ஆலைப் பணி. தங்கையார் தொழிற்பேட்டையில் ரப்பர் வாஷர் செய்யும் சிறு பட்டறையில் சேர்ந்து, சரக்கைச் சோதிக்கும் பொறுப்புக்கு உயர்ந்தார். கண்ணுக்குத் தெரியாத பிசிறும் அவர் விரல் நுனிக்குத் தப்பாது. அவர் கை பட்டு வெளியே போன பெட்டி திரும்பி வந்ததில்லை என்று பட்டறை உரிமையாளர் இறுதிச் சடங்கன்று என்னிடம் சொன்னார்.

நாற்பத்தைந்து வயதளவில் மாடிப்படி அவருக்குப் பகையாயிற்று. ஆறாவது படியில் நிற்பார். பன்னிரண்டாவது படியில் அமர்வார். ரத்தசோகை என்றார்கள், உடல் பருமன் என்றார்கள், மாதவிலக்கு நிற்கும் வயது என்றார்கள். முகத்தில் களை குறையாததால் எவரும் நம்பவில்லை. "பாக்க நல்லாத்தான இருக்கிற, இன்னாத்துக்கு இப்படி மூச்சு வாங்குற?" என்று உறவினரே கேட்டனர். இரண்டாண்டு கழித்துச் சென்னைப் பெரிய மருத்துவமனையில்தான் உண்மை தெரிந்தது. நுரையீரலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுந்து, இதயத்தின் வலப்பக்கம் நாள்தோறும் மலையேறுவதுபோல் உழைக்கிறது. முற்றிலும் குணமாக்க இயலாது. மருந்தால் தாங்கிப் பிடிக்கலாம் என்றார்கள்.

நோய் தீர வேண்டித் திருவள்ளூர்க் கோயில் குளத்தில் வெல்லம் கரைப்பது நம் பகுதியார் அறிந்த வழக்கம். அமாவாசையன்று அவரை அழைத்துச் சென்றேன். எங்கள் குடும்பத்தில் அதனோடு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: வெல்லம் கரைத்த நாள்முதல் ஓராண்டு அந்நோயைப் பற்றி வீட்டில் எவரும் வாய் திறக்கலாகாது, திறந்தால் வேண்டுதல் கலைந்துவிடும். இதைக் கோயில் விதிக்கவில்லை. எங்கள் முன்னோர் விதித்தார்களா என்பதும் ஐயமே. நான் விதித்தேன்.

"பெருமாள்கிட்ட விட்டாச்சும்மா. இனிமே இந்தப் பேச்சே நம்ம வீட்ல கூடாது" என்றேன்.

"சரிண்ணா" என்றார்.

அவர் சொல் தவறாதவர். யார் கேட்டாலும் "நல்லாருக்கேன்" என்றார். திருமணங்களுக்குச் செல்வதை நிறுத்தினார். செருக்கு என்று சிலர் பேசினர். அவர் மகள் ஒருநாள் என்னிடம் வந்து, "மாமா, அம்மா சமையக்கட்டு டப்பாவுக்கெல்லாம் பேரு எழுதி ஒட்டிக்கினு இருக்காங்க. அவங்க இல்லாட்டியும் அப்பாவுக்குத் தெரியணுமாம். எனக்கு என்னமோ பயமாருக்குது" என்றாள். அக்குழந்தைக்கும் நான் பாசுரம் ஒன்றைச் சொல்லி அனுப்பிவைத்தேன்.

ஓராண்டு நிறைய ஒரு மாதம் இருந்தபோது, பட்டறையில் சோதனை மேசையருகே மயங்கி விழுந்தார். மருத்துவமனையில் புடவையை விலக்கிப் பார்த்த மருத்துவர் திகைத்தார். முழங்கால்வரை நீர் கோத்து வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா இப்படி இருக்குதும்மா? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"ரெண்டு மாசமாச்சு டாக்டர். சொன்னா வேண்டுதல் கலைஞ்சுடும்னு அண்ணன் சொன்னாரு."

குற்றஞ்சாட்டும் குரல் அன்று அது. கேட்டதற்கு விடை, அவ்வளவே. அறுபதைக் கடந்த வயதில் அன்றுதான் நான் தலை நிமிர முடியாமல் நின்றேன்.

அபாயம் நீங்கிய மூன்றாம் நாள் மனநல ஆலோசகரான இளம் அம்மையார் ஒருவர் வந்து, "கால் வீக்கம் மட்டும்தான் மறைச்சீங்களா?" என்று மெல்லக் கேட்டார். தங்கையாரின் கண்கள் நிறைந்தன.

"பயமாகீது மேடம். படுத்தா மூச்சு நின்னுடும்னு பயம். குளிக்கப் போனா விழுந்துடுவேன்னு பயம். எல்லாரும் தைரியமா இரு, தைரியமா இருன்றாங்க. பயப்படறதே பாவமோன்னு வேற பயம்."

நான் வழக்கம்போல் வாயெடுத்தேன். தங்கையார் கையை உயர்த்தித் தடுத்தார்.

"அண்ணா, கொஞ்ச நேரம் பாசுரம் வேணாம். சும்மா கேட்டுக்கினு இரு."

கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார். மூச்சு வாங்க நிறுத்தினார், மீண்டும் பேசினார். என் வாழ்நாளில் நான் செய்த வழிபாடுகளில் அதனினும் உயர்ந்தது ஒன்றுண்டா என்று எனக்குத் தெரியவில்லை. வீடு திரும்பியதும் நான் விதித்த கட்டுப்பாட்டை நானே எல்லோர் முன்னிலையிலும் நீக்கினேன்.

அதன்பின் அவர் வாழ்ந்த நான்காண்டுகளைத்தான் இம்மலர் போற்ற வேண்டும். ஆலோசகரிடம் மாதந்தோறும் சென்றார். மனத்துக்கும் மாத்திரை உண்டு என்று அறிந்த உறவினர் ஒருவர் திருமண வீட்டில், "இன்னாடி, பைத்தியத்துக்கு மாத்திர சாப்பிடறியாமே?" என்று உரக்கக் கேட்டார். "ஆமா அத்த. நுரையீரலுக்கு நாலு, மனசுக்கு ஒண்ணு. மனசு எவ்வளவோ தேவல" என்றார் தங்கையார். பந்தியே சிரித்தது; அந்த அத்தையும் சிரித்தார்.

தரைத்தளத்துக்கு வீடு மாறி, பட்டறையில் அரைநாள் வேலைக்குத் திரும்பினார். உடன் பணிபுரிந்த பாத்திமா அம்மையார் காலையில், "இன்னா மேடம், இன்னிக்கு பயம் எத்தினி கிலோ?" என்பாராம். "அரைக் கிலோதான். பொட்டலம் கட்டி உனக்குத் தரட்டா?" "எங்கூட்லயே ரெண்டு மூட்ட கீது, நீயே வச்சுக்க." இந்தப் பேச்சு நடக்காத நாள்களில்தான் பாத்திமா அம்மையார் மாப்பிள்ளைக்குத் தொலைபேசியில் அழைப்பார். எந்த மருத்துவமும் தராத காவல் அது.

மருத்துவமனை விசிப்பலகையில் புதிதாக வந்து அமர்வோரிடம் அவர் நலம் விசாரிப்பதில்லை. "பயமாருக்குதா?" என்றே கேட்பார். சோழவரத்து விவசாயி ஒருவர் முதல்நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுமாதம் தாமே வந்து பக்கத்தில் அமர்ந்து, களத்துமேட்டில் மூட்டை தூக்க முடியாமற்போன நாளைச் சொல்லி அழுதாராம். அவருக்குத் தங்கையார் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. சொல்லி முடிக்கும்வரை எழுந்து செல்லவுமில்லை.

எப்போதும் இன்முகத்தோடு இருந்தார் என்று எழுதினால் அவரே சினப்பார். ஆக்சிஜன் குழாயை எறிந்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்த நாள்கள் உண்டு. மாப்பிள்ளையிடம் இரண்டு நாள் பேசாதிருந்ததும் உண்டு. மூன்றாம் நாள் காரணத்தைச் சொல்லிவிடுவார். சொல்லத் தெரிந்தவர் என்பதே அவர் பெருமை.

இறுதி வாரத்தில் ஒரு பகற்பொழுது, நான் மட்டும் அருகிருந்தேன்.

"பயமாருக்குதுண்ணா."

"எதுக்கும்மா பயப்படற?"

"சாவறதுக்கில்ல. அந்த மனுசன் தனியா தட்டு போட்டுக்கினு சாப்பிடுவாரே, அத நெனச்சாத்தான்."

நான் ஆறுதல் கூறவில்லை. அது நான் ஏற்கத்தக்க அச்சமன்று, உரியவர் வேறு. எழுந்து சென்று மாப்பிள்ளையை அழைத்து வந்து, "அவகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே அமர்ந்தேன். கதவு திறந்தே இருந்தது.

"நான்தான் ரசம் வைக்கக் கத்துக்கினேன்ல. நல்லாருக்குதுன்னு நீயே சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"அடிப்பாவி. ரெண்டு வருசமாவா?"

இருவரும் சிரித்தனர். பின்பு நெடுநேரம் அழுதனர். அதன்பின் புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு என்று அவர் சொல்லச் சொல்ல மாப்பிள்ளை திருப்பிச் சொன்ன குரல் கேட்டது. மூன்றாம் நாள் விடியலில் தங்கையாரின் உயிர் அமைதியாகப் பிரிந்தது. அன்று மாலையே மகளும் தந்தையும் ஒரே தட்டருகே அமர்ந்து உண்டதை நான் கண்டேன்.

அவரைத் தாங்கிய மருத்துவர்கள், செவிலியர், ஆலோசகர் அம்மையார், பட்டறைத் தோழியர், ஆக்சிஜன் உருளையைத் தோளில் சுமந்து வந்த பக்கத்து வீட்டார் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அவர் பேசியபோது குறுக்கிடாமல் கேட்ட ஒவ்வொருவருக்கும் தனித்த நன்றி.

இதை வாசிக்கும் அனைவரும் நோயின்றி நெடிது வாழ்க. நோய் வந்துற்றால் அதைச் சொல்லும் துணிவு உங்கள் நாவில் அமர்க. கேட்கும் பொறுமை உங்கள் இல்லத்தார் செவியில் குடிகொள்க. எம்பெருமான் எல்லோர்க்கும் அருகிருப்பானாக.