கழுதைக்குட்டிக்கு முதல் பந்தி

நெய்வேலி நகரியத்தில் அம்சவல்லி என்றொரு வீராங்கனை வாழ்ந்துவருகிறாள். எந்த ரவுண்டானாவிலும் அவளுக்குச் சிலை கிடையாது. பெற்ற பிள்ளையின் வாயைச் சொந்தபந்தங்களின் அன்பிலிருந்து காத்து நின்றவள் என்பதே அவள் புகழ்.

முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரிக்கொட்டை உடைத்து வளர்ந்தவள். அவசரப்பட்டு அடித்தால் பருப்பு நொறுங்கும் என்பது அவள் கைக்குத் தெரியும். சுரங்கத்தில் பெர்மனன்ட் வேலையிலிருந்த அறிவழகனைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தபோது, கூடவே ஒரு மாமனாரும் கிடைத்தார். பெயர் ராமசாமி. மண் வெட்டும் ராட்சத இயந்திரத்தை ஓட்டி ரிட்டயர் ஆனவர். இயந்திரம் அவரை விட்டுவிட்டது. அவர்தான் இயந்திரத்தை விடவில்லை.

பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது குழந்தையின் எடை கொஞ்சம் இறங்கியிருந்தது. “மொதல்ல அப்படித்தான் இறங்கும். தாய்ப்பால் மட்டும் குடுங்க, அடிக்கடி குடுங்க. வெள்ளிக்கிழமை எடை பாக்கலாம்” என்றார் நர்ஸ். ராமசாமியின் காதில் விழுந்தது ‘இறங்கும்’ மட்டும்தான். அன்றைக்கே ஒரு டின் பால்பவுடர் வாங்கி, தன் சேவைக் கேடயத்துக்குப் பக்கத்தில் ஷோகேஸில் நிறுத்தினார்.

“ஸ்டாண்ட்பைம்மா இது. ஒரு மெஷினு நின்னுட்டா இன்னொண்ணு ஓடணும் இல்ல?”

“நான் நின்னுட்டேன்னு யாரு சொன்னது மாமா?”

“உள்ள எவ்ளோ போவுதுன்னே தெரியலையே! பாட்டிலுன்னா கோடு போட்டிருக்கும்.”

“வெளிய எவ்ளோ வருதுன்னு கொடியில பாருங்க. காஞ்ச துணி ஒண்ணு இல்ல வூட்டுல.”

“வெள்ளிக்கிழமை எடை ஏறலைன்னா டின்ன ஒடைச்சிடுவேன், ஆமா.”

இந்த மாபெரும் விவாதத்தில் அறிவழகன் நடுநிலை வகித்தான். அதாவது, நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கினான்.

அம்சவல்லிக்கும் உள்ளூரப் பயம்தான். குழந்தை மார்பைப் பிடிக்கத் தெரியாமல் வீறிடும்போது, காம்பு வெடித்து உயிர் போகும்போது, அவள் கண்ணும் ஷோகேஸ் பக்கம் போய்வந்தது. ஆனால் நர்ஸ் காட்டியபடி பிள்ளையை மார்போடு ஒட்டப் பிடித்து, வாய் அகலத் திறக்கும்வரை காத்திருந்தாள். கொட்டை உடைத்த பொறுமை.

வெள்ளிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு தெருவில் ஒரு குரல் கேட்டது. “கழுதப் பாலே! பச்சக் கொழந்தைக்குக் கழுதப் பாலே!”

வந்தவர் கலியன், கூட ஒரு கழுதை. ராமசாமி பால் புகட்டும் சங்கும் கையுமாக வாசலுக்குப் பாய்ந்தார். பின்னாலேயே பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்சவல்லியும் வந்தாள். எதிர்ப்புறம் விளக்குக் கம்பத்தில் கட்டியிருந்த குட்டி, தாயைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது.

“அது ஏங்க அங்க கட்டிக் கெடக்குது?”

“அவுத்து வுட்டா எல்லாத்தையும் குடிச்சிடும்மா.”

“பொறந்து எவ்ளோ நாளாவுது?”

“ஒரு வாரம் இருக்கும்.”

“அப்ப அது இன்னாத்தக் குடிக்கும்?”

கலியன் தலையைச் சொறிந்தார். “பழகிக்கும்மா. புல்லுகில்லு மேயும்.”

அம்சவல்லி மாமனார் பக்கம் திரும்பினாள். “கேட்டீங்களா மாமா? அதும்பாலு நம்ம புள்ளைக்காம், எம்பாலு போதாதாம். அது குட்டிக்கு மட்டும் புல்லு. அந்த டின்ன வேணா அதுக்குக் குடுத்துடலாமா?”

ராமசாமி சங்கை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“அவுத்து வுடுங்க” என்றாள் கலியனிடம்.

“பச்ச ஒடம்புக்காரி சொல்லத் தட்டக் கூடாது சாமி” என்று முனகிக்கொண்டே அவர் முடிச்சை அவிழ்த்தார். குட்டி ஓடிவந்து முட்டி முட்டிக் குடித்தது. காலிச் சங்கோடு நின்ற ராமசாமி, “இன்னாமா இழுக்குது பாரு!” என்று தம்மை மறந்து வியந்தார். அம்சவல்லியின் தோளிலிருந்த பிள்ளையும் அந்நேரம் பார்த்துச் சிணுங்க, “போம்மா, போயி குடு” என்றார். அது உத்தரவா, சரணாகதியா என்பதில் பிளாக்கில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு.

வெள்ளிக்கிழமை முள் ஏறியது. நர்ஸ் சிரிக்க, ராமசாமி தராசையே இன்னொரு முறை சரிபார்க்கச் சொன்னார். அப்போதும் ஏறியே இருந்தது. பிரிக்காத டின் கடைக்குத் திரும்பியது. நனைந்த துணிகளைக் கொடியில் போடும் பொறுப்பை, யாரும் கேட்காமலேயே அவர் எடுத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் கலியன் மறுபடி வந்தபோது, ஈரத் துணியோடு தெருவுக்கு இறங்கி வழிமறித்தார் ராமசாமி.

“யோவ், நில்லு. குட்டி குடிச்சிதா?”

“இனிமேதாங்க.”

“அப்ப மொதல்ல அத அவுத்து வுடு. அப்பறம் ஏவாரம்.”