கதவில் ஒட்டிய குரல்

போர் முடிந்து மூன்று மாதமிருக்கும், கொழும்பிலிருந்து பெரியகல்லாற்றுக்குப் போனேன். அப்பாவுக்கு மறதி நோய் முற்றிவிட்டது. சுனாமியில் போன அம்மாவைத் தேடித் தினமும் கடற்கரைக்கு நடக்கிறார், சோதனைச்சாவடியில் மறித்தால் பேர் சொல்லக்கூடத் தெரியவில்லை என்று அக்கா போனில் அழுதாள். கதவில் ஒட்டும் அலாரப் பெட்டி ஒன்று வாங்கினேன். கதவு திறந்தால் சத்தம் போடும். வேண்டுமானால் நம் குரலையும் அதில் பதியலாம்.

காலை ஆறுக்கு ஏறிய பஸ் மட்டக்களப்பு சேர மாலை நான்கு. வழியில் ஐந்து சாவடியில் சோதனைக்கு இறக்கி நடக்கவிட்டார்கள். வயரும் பற்றரியும் உள்ள பெட்டியோடு வருபவனை எந்தச் சிப்பாய் சும்மா விடுவான்? ஐந்து இடத்திலும் அப்பாவின் மறதி வருத்தத்தை அரைகுறைச் சிங்களத்தில் விளக்கி வாய் உளைந்துபோனது. பிறகு கல்முனை பஸ்சில் 33 கிலோமீற்றர், 48 ரூபாய், ஒன்றரை மணித்தியாலம். முதுகு முறிந்துவிட்டது.

மறுநாள் பெட்டியை ஒட்டி, பெரிய கெட்டிக்காரன் மாதிரி சைரன் சத்தத்தில் வைத்தேன். அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. பத்து மணிக்கு அப்பா கதவைத் திறந்தார், சைரன் தெருவெல்லாம் அலறியது. எங்கள் ஊரில் அடையாள அட்டையும் காணி உறுதிப் பத்திரமும் போட்ட பையொன்று வீட்டுக்கு வீடு தொங்கும். சுனாமிக்குப் பிறகு வந்த பழக்கம். அக்காவும் அக்கம்பக்கத்தாரும் மறுபடி சுனாமி என்று பையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினார்கள். அப்பா மட்டும் கடலுக்கு ஓடினார். முழங்கால் தண்ணீரில் அவரைப் பிடித்தேன்.

"விடுங்க, அவ அங்க நிக்கிறா," என்றார்.

அவரைக் கரைக்குக் கூட்டிவந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"என்ன வேல பாத்த தம்பி?" என்றாள் அக்கா, மூச்சு வாங்க. "உன்ட குரலப் போடு. என்ட சொல்லு அவருக்கு ஏறுதில்ல."

பதிந்தேன்: "அப்பா, உள்ள வாங்க. நான் வந்திருக்கன்."

அடுத்த மூன்று நாளும் பெட்டி பேசியதும், "ஓம் மகன், வாறன்," என்று திரும்பிவிட்டார். என் முகத்தைத்தான் ஒருமுறையும் அடையாளம் காணவில்லை.

புறப்படும்போது நான் கதவைத் திறந்தேன். பெட்டி பேசியது. பின்னால் வந்த அப்பா என் கையைப் பிடித்தார்.

"கொஞ்சம் நில்லுங்க தம்பி. எங்கட மகன் வந்திருக்கான், உள்ள கூப்பிடுறான். ஆரு வந்திருக்கிற எண்டு சொல்ல?"

இப்படிப் பெட்டி கொண்டுபோகிறவர்களுக்கு: சாவடிக்கு முன்பே பற்றரியைக் கழற்றிவிடுங்கள், பெட்டி வாங்கிய பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள். கடலோர ஊரில் சைரன் வேண்டவே வேண்டாம். குரல் பதிந்தால், வந்திருக்கிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். நான் அதைச் சொல்லி வைத்துவிட்டுக் கொழும்புக்குப் பஸ் ஏறிவிட்டேன்.