கேப்புக்கு அந்தப் பக்கத்து மாப்பிள்ளை

சைக்கிள் ஓட்டுவதற்கு ஒரு ஆளுக்கு மாதச் சம்பளம் கொடுப்பார்கள் என்பதை எங்கள் எஸ்டேட்டில் யாரும் நம்பத் தயாராக இல்லை. சம்பளம் வாங்குகிறவன் ஜீப் ஓட்ட வேண்டும், இல்லையென்றால் டிராக்டர். சைக்கிள் என்பது சமவெளிக்காரர்களின் சாமான். எங்கள் மலையில் ஏறும்போது அதை நாம் தள்ள வேண்டும், இறங்கும்போது அது நம்மைத் தள்ளிவிடும். அத்தைக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார்.

அவர் கேப்புக்கு அந்தப் பக்கத்துக்காரர். இரண்டு மலைகளுக்கு நடுவில் ரோடு ஏறிக் கடக்கிற தாழ்வான இடத்தைப் பள்ளிக்கூடத்தில் கணவாய் என்று படித்தோம். வீட்டில் அது கேப். இந்தப் பக்கம் தேயிலை, அந்தப் பக்கம் ஏலக்காய். அந்தப் பக்கத்து ரிசார்ட் ஒன்றில் தங்க வரும் பெங்களூர்க்காரர்களையும் வெள்ளைக்காரர்களையும் கியர் சைக்கிளில் கூட்டிக்கொண்டு, கேப் ஏறி எங்கள் எஸ்டேட் வரை இறங்கி, சாயா வாங்கிக் கொடுத்து, பின்னாலேயே வரும் வேனில் ஏற்றித் திருப்பி அழைத்துப் போவார். இதற்குச் சம்பளம், மதியச் சாப்பாடு, போதாததற்கு யூனிபார்ம் சட்டையும் உண்டு என்று தரகர் சொன்னபோது அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வேறு ஏதோ தொழில் பண்ணுகிறான், சைக்கிள் அதற்கு மறைப்பு என்று எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பாதிப் பேர் சொன்னார்கள்.

அப்படியும் அப்பா சம்மதித்ததற்குக் காரணம் இருந்தது. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. பெற்றவர்கள் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். வயது இருபத்தாறு ஆகியிருந்தது, வந்த வரன்களெல்லாம் தட்டிக்கொண்டே போயின. மாப்பிள்ளை குடிக்க மாட்டார். அதைவிட முக்கியம், அவருக்குச் சொந்த வீடு இருந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே காலி செய்ய வேண்டிய லயத்து வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் கேட்கிற வீட்டில் இருப்பவர்களுக்கு, அது சின்ன விஷயமில்லை.

பெண் பார்த்துவிட்டு அவர்கள் ஜீப் ஏறிய பிறகு, டம்ளர்களைக் கழுவிக்கொண்டே அத்தை அம்மாவிடம் சொன்னாள்.

“மைனி, கழுத்துல ஒரு செபமாலகூடக் கெடையாது. பாத்தியளா?”

அம்மா பார்த்திருக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஒரு வாரம் கழித்து, அவர் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கே வருவதில்லையாம் என்று யாரோ சொன்னதாக அத்தை சொன்னாள். கழுத்து வெறுமை, ஞாயிறு பூசை இல்லை. இரண்டையும் கூட்டிப் பார்க்க எங்கள் ஆட்களுக்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. ஆள் சபைக்குப் போய்விட்டான்.

சபை என்றால் ஜெபக் கொட்டகை. கேப்புக்கு அந்தப் பக்கம் புதிதாக இரண்டு முளைத்திருந்தன. அங்கே போகிறவர்கள் நகை போட மாட்டார்கள், மாதா படம் வைக்க மாட்டார்கள். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண் அந்த வீட்டுக்கு வாழப் போனால் கம்மலில் தொடங்கித் தாலி வரை கழற்ற வேண்டும். அம்மாவுக்கு அதைச் சொல்லும்போதே கை காதுக்குப் போய்விடும்.

சிக்கல் என்னவென்றால் அதற்குள் கோயிலில் ஓலை வாசிக்கத் தொடங்கியாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு, பூசை முடிவில் சாமியார் பெண், மாப்பிள்ளை பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று கேட்பார். முதல் ஓலை முடிந்திருந்தது. பாதியில் ஓலை நின்ற பெண்ணை அப்புறம் யாரும் கேட்டு வர மாட்டார்கள். நிறுத்தாமல் விட்டால் தங்கை சபைக்காரி ஆகிவிடுவாள். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை ஊர்ப் பங்குச் சாமியாரிடம் விசாரித்தார். அவர் வந்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, யார் முகமும் அவருக்குத் தெரியவில்லை. மாப்பிள்ளையிடமே நேராகக் கேட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். கேட்டு, அது பொய்யாகப் போனால், மாப்பிள்ளையைச் சந்தேகப்பட்ட வீடு என்று பெயர் ஆகிவிடும்.

அதனால் கேட்காமல் கண்டுபிடிக்கப் பார்த்தார்கள். அடுத்த சனிக்கிழமை அவர் எட்டிப் பார்க்க வந்தபோது, சுவரில் மாட்டியிருந்த மாதா படத்தைக் கழற்றி அவருக்கு நேர் எதிரே ஸ்டூலில் வைத்திருந்தார்கள். சாயாவைக் குடித்துக்கொண்டே படத்தைப் பார்த்தார். “பாத்தான், ஆனா கும்பிடல” என்றாள் அம்மா அன்று முழுவதும். நம்ம வீட்டில் யார் சாயா குடிக்கும்போது கும்பிடுகிறார்கள் என்று அப்பா கேட்டும் அம்மா சமாதானம் ஆகவில்லை.

போகும்போது அவர் என்னிடம், ரிசார்ட்டில் சின்னப் பிள்ளைகள் ஓட்டுகிற சைக்கிள் ஒன்று இருக்கிறது, நாளைக்கு வந்தால் கேப் தாண்டி ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வரலாம் என்றார். எனக்குப் பத்து வயது. காலையில் ஆளெடுக்கிற மஸ்டர் கிரவுண்டில் லயத்து அண்ணன்மாரின் சைக்கிளைக் கெஞ்சி வாங்கி ஓட்டிப் பழகியிருந்தேன். அம்மா விட மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் அப்பாவும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஞாயிறு பூசைக்கு என்னை அனுப்பாமல் சைக்கிளுக்கு அனுப்பினார்கள் என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில் தெரிந்த டிரைவரின் ஜீப்பில் ஏற்றிவிடும்போது அப்பா என் காதருகே குனிந்தார்.

“கேப் உச்சியில அந்தோனியார் குருசடி இருக்குல்லா. அதத் தாண்டும்போது சிலுவ போடுதாரான்னு பாரு. அது போதும். வாயத் தொறந்து ஒண்ணும் கேட்ராத.”

அத்தை அதற்கு முன்பே, எனக்கு ஜடை போடும்போது, தனியாகச் சொல்லியிருந்தாள். “பாத்ததப் பாத்த மாதிரியே வந்து சொல்லணும். அந்த மாமா பாவம்னு எதையும் மறச்சிராத, என்ன?” ஜடையை அவ்வளவு இறுக்கி அவள் ஒருநாளும் போட்டதில்லை.

அன்று எட்டு பேர் வந்திருந்தார்கள். எல்லாருக்கும் தலையில் தொப்பி மாதிரி ஹெல்மெட். எனக்கும் ஒன்று கட்டிவிட்டார். ஏலத் தோட்டத்து நிழலுக்குள் ரோடு வளைந்து வளைந்து ஏறியது. எது லேசான கியர் என்று அவர்தான் மாற்றிக் கொடுத்தார். மூச்சு வாங்கியபோதெல்லாம் ஒரு கையால் தன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையை என் முதுகில் வைத்துத் தள்ளிக்கொண்டே வந்தார். ஆனாலும் பாதி ஏற்றத்தில் என் கால் கெஞ்சிவிட்டது, வேனில் ஏற்றிவிட்டார். கேப் உச்சிக்குச் சற்று முன்னால் நானே கேட்டு இறங்கிக்கொண்டேன். வேலை இருந்ததே எனக்கு.

உச்சியில் பனி மூடிக் கிடந்தது. குருசடி, சிலுவையும் அந்தோனியார் சிலையும் வைத்த சின்ன மாடம், இறக்கம் தொடங்குகிற வளைவிலேயே இருக்கிறது. நான் பின்னாலேயே கண்ணிமைக்காமல் போனேன். அவர் குருசடியைத் தாண்டினார். இரண்டு கையும் பிரேக்கிலேயே இருந்தன. தலையைக்கூடத் திருப்பவில்லை. முன்னால் போகிறவர்களைப் பார்த்து “ஸ்லோ, ஸ்லோ” என்று கத்திக்கொண்டே இறங்கிவிட்டார்.

எனக்கு அழுகை வந்தது. அந்த மாமாவை எனக்குப் பிடித்துப் போயிருந்தது. இதைப் போய் வீட்டில் சொன்னால் அதோடு எல்லாம் முடிந்துவிடும் என்பது அந்த வயதிலும் தெரிந்தது. பிரேக்கைப் பிடித்தபடி மூக்கை உறிஞ்சிக்கொண்டே இறங்கினேன். இதற்குள் நானும்தான் குருசடியைத் தாண்டியிருந்தேன். நானும் சிலுவை போடவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

இரண்டு வளைவு இறங்குவதற்குள் அவர் சைக்கிளின் பின்சக்கரம் பஞ்சர். மற்றவர்களை வேன் டிரைவரோடு மெதுவாகப் போகச் சொல்லிவிட்டு, ரோட்டோரத்தில் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தார். நான் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தேன். அப்போதுதான் பார்த்தேன். சீட்டுக்கு அடியில், கம்பியைச் சுற்றிச் சுற்றி, ஒரு செபமாலை. மரமணிகள், சகதி அப்பிக் கறுத்திருந்தன. சிலுவை மட்டும் துடைத்த மாதிரி இருந்தது.

இது எதுக்கு மாமா இங்க கிடக்கு என்று கேட்டேன். வாயைத் திறக்காதே என்ற அப்பாவின் கட்டளை அதோடு போயிற்று.

“கழுத்துல போட்டா குனியும்போது ஹேண்டில்ல மாட்டுது பாப்பா. ஒருக்கா அறுந்து மணியெல்லாம் ரோட்டுல. அதுக்கப்புறம் இங்கதான்.”

அப்படியே மீதியையும் கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைதான் ஆட்கள் வண்டி வண்டியாக வருகிறார்கள், அதனால் சனிக்கிழமை சாயங்காலப் பூசைக்குப் போய்விடுவதாகச் சொன்னார். குருசடி? சிரித்தார். இறக்கத்தில் பிரேக்கிலிருந்து கையெடுத்தால் அந்தோனியாரை நேரிலேயே போய்ப் பார்க்க வேண்டியதுதான் என்றார். டியூபை வைத்துச் சக்கரத்தை மாட்டிய பிறகு, காற்றடித்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்.

“ஒங்க அத்த என்னயப் பத்தி வீட்ல ஏதாச்சும் சொல்லுவாங்களா?”

அத்தை ஒன்றும் சொல்லுவதில்லை என்றேன். அவர் தலையை ஆட்டினார். அதற்கப்புறம் காற்று போதுமான பிறகும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டே இருந்தார்.

வீட்டு வாசலில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். சீட்டு, செபமாலை, சனிக்கிழமைப் பூசை, பிரேக். அப்பா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டு மாப்பிள்ளையை உள்ளே கூப்பிட வெளியே ஓடினார். அம்மா மாதா படத்துக்கு முத்தம் கொடுத்துவிட்டு மறுபடி சுவரில் மாட்டினாள். அன்றைக்குச் சாயாவுக்குப் பதில் அவருக்குப் பால்காப்பி. என்னைப் போல் கெட்டிக்காரி இந்த லயத்திலேயே இல்லை என்று அம்மா சொன்னாள். நானும் நம்பினேன்.

அத்தை மட்டும் என் கையைப் பிடித்து அடுப்படிக்கு இழுத்துப் போனாள். குருசடியில் நடந்ததைத் திரும்பச் சொல்லச் சொன்னாள். சொன்னேன். வேறு எதுவும் பார்க்கவில்லையா, யாரிடமாவது போனில் பேசினாரா, எங்கேயாவது தனியாக நின்றாரா, நன்றாக யோசித்துப் பார் என்றாள். நான் நன்றாக யோசித்தேன். அவள் சந்தோஷப்பட வேண்டுமே என்று, அவர் என் முதுகில் கைவைத்து ஏற்றத்தில் தள்ளி வந்ததையும் சேர்த்துச் சொன்னேன். “நல்ல மனுசந்தான், இல்ல?” என்றாள். ஆமாம் என்றேன். அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணைத் துடைத்ததைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் போய்ச் சொன்னேன். கல்யாணப் பொண்ணுன்னா அப்படித்தான் என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

அவர் உண்மையிலேயே நல்ல மனுஷன்தான். இன்றுவரை அத்தை அவரைப் பற்றி ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. அவளுக்கு மனதில் வேறு யாராவது இருந்தார்களா, கல்யாணமே வேண்டாம் என்றிருந்ததா, கேப்புக்கு அந்தப் பக்கம் போகப் பிடிக்கவில்லையா, எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவளிடம் யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்க எனக்குத் தைரியம் இல்லை. எனக்கு வரன் பார்க்கத் தொடங்கிய வருஷம், ஒரு பழுதும் சொல்ல முடியாத ஒருவன் எதிரே உட்கார்ந்திருக்க, அவன் சட்டைக் காலரில் ஏதாவது அழுக்கு தெரியாதா என்று நான் தேடிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது.

மூன்றாம் ஓலை வாசிக்கும்போது பெண் கோயிலில் இருக்கக் கூடாது என்று சிலர் சொன்னார்கள். அத்தை கேட்கவில்லை, வந்தாள். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். சாமியார் இரண்டு பெயர்களையும் வாசித்தார். தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தார். அந்தக் கொஞ்ச நேரம் அத்தை என் விரல்களை நெரித்துவிட்டாள். யாராவது எழுந்து எதையாவது சொல்லிக் காரியத்தைக் கெடுத்துவிடுவார்களோ என்று பயப்படுகிறாள் என நினைத்து, யாரும் எழுந்துவிடக் கூடாது என்று அந்தோனியாரை நான் மனதார வேண்டிக்கொண்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை.