ரைட்டுக்குக் காத்திருந்தவர்

ஊரில் இருந்தவரை கண்டக்டர் பேச்சுக்கு மறுபேச்சில்லை. அவர் "போலாம் ரைட்!" என்று குரல் கொடுக்காமல் எந்த டிரைவரும் பஸ்ஸை நகர்த்தியதில்லை. ஓய்வுபெற்று, மகளோடு இருக்க வெளிநாடு போனவர், அங்கே கார் பழகினார். அதில்தான் வந்தது வினை. சிக்னலில் பச்சை விழும், பின்னால் ஹாரன் காதைப் பிளக்கும். இவரோ பிடித்துவைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

"ஏன் நிக்கிறீங்க?" என்றாள், அவருக்கு முன்பே லைசென்ஸ் வாங்கிவிட்ட மனைவி.

"யாரும் ரைட் குடுக்கலையே!"

அவள் தலையிலடித்துக்கொண்டு, "போலாம் ரைட்!" என்று கத்தினாள். கார் பாய்ந்தது. அன்றிலிருந்து சிக்னலுக்குச் சிக்னல் அவள் தொண்டைதான் வறண்டது.

டெஸ்ட்டுக்கு மனைவியை ஏற்றக் கூடாது என்றுவிட்டார்கள். பச்சை விழுந்ததும் அவரே பழைய குரலில் முழங்கினார். பக்கத்திலிருந்த அதிகாரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனாலும் பாஸ் போட்டுவிட்டார்.

மறுநாள் காரில் ஏறியதும் கண்டக்டர் மீசையை முறுக்கினார். "இனிமே ரைட்டை நானே சொல்லிக்குவேன். நீ சும்மா வந்தா போதும்."

மனைவி இறங்கி, பின்சீட்டில் போய் ஜம்மென்று உட்கார்ந்தாள்.

"கண்டக்டர் சீட்டு பின்னாடிதானே? ம், போலாம் ரைட்!"

அவர் வாயைத் திறப்பதற்குள் கால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துவிட்டது.